பூட்டிய பச்சை

லண்டனில் கென்சிங்டன், நாட்டிங் ஹில் பக்கம் நடந்தால், வீட்டு வரிசைகளுக்கு நடுவே கம்பி வேலி போட்ட தோட்டங்கள் தென்படும். கதவில் பூட்டு. சாவி சுற்றியிருக்கும் வீட்டுக்காரர்களிடம். வழிப்போக்கருக்குக் கம்பி இடுக்கில் தெரிகிற பச்சை மட்டும்தான். ஆண்டுக்கொரு முறை, ஜூன் மாத வார இறுதி ஒன்றில், இப்படிப்பட்ட நூற்றுக்கும் மேற்பட்ட தோட்டங்கள் நுழைவுச்சீட்டு வாங்கியவர்களுக்குத் திறக்கின்றன. நல்ல காரியம். ஆனால் இதைப் பெரிய தாராளம் என்று கொண்டாட எனக்கு மனம் வரவில்லை. இரண்டாம் உலகப் போரில் பழைய இரும்புக்காக இந்த வேலிகளில் பலவற்றைப் பிடுங்கினார்கள். ஊர் ஜனம் உள்ளே போய் உட்கார்ந்தது. போர் முடியும் முன்பே வேலிகள் திரும்ப முளைத்தபோது, 1944-ல் தன் பத்தியில் ஜார்ஜ் ஆர்வெல் எரிச்சலோடு எழுதினார். (பத்தி எழுத்தாளர் சொல்லை யார் கேட்டார்கள்!) அதற்கு முன்பே, 1931-ல் வந்த ஒரு சட்டம் இப்படிப்பட்ட தோட்டங்கள் கொண்ட 461 சதுக்கங்களில் கட்டடம் எழும்பாமல் தடுத்தது. நிலம் பிழைத்தது, பூட்டும் பிழைத்தது. பராமரிப்புச் செலவை அந்த வீட்டுக்காரர்கள்தானே தருகிறார்கள் என்பார்கள். நியாயமான பேச்சுதான். அதற்காக வருஷத்தில் இரண்டு நாள் என்பது ரொம்பவும் கஞ்சத்தனம். மாதம் ஒரு ஞாயிறு திறந்தால் என்ன குறைந்துவிடும்? ப்ளூம்ஸ்பரியில் ரஸ்ஸல் சதுக்கம் தினமும் எல்லோருக்கும் திறந்துதான் இருக்கிறது. அங்கே மரங்கள் ஒன்றும் பட்டுப்போய்விடவில்லை.