கூரைச் சூரிய மின்சாரம் யாருக்கு இலாபம்?

சம்பூரில் நிலக்கரி மின்நிலையத் திட்டம் 2016 இல் கைவிடப்பட்டது. அங்கு 120 மெகாவாற் சூரிய மின்திட்டத்துக்கு 2025 ஏப்ரலில் தொடக்கவிழா நடந்தது. திருகோணமலைத் துறைமுகத்தை அண்டிய எமது வீட்டுக் கூரைகளுக்கும் அது பொருந்துமா?

மின்கட்டணம் 2022 ஓகஸ்டில் 75 சதவீதமும் 2023 பெப்ரவரியில் 66 சதவீதமும் உயர்ந்தபோது கூரைத் தகடுகள் கவர்ச்சிமிக்கனவாகத் தோன்றியதில் வியப்பில்லை. ஆனால் 2025 சித்திரைப் புத்தாண்டில் தொழிற்சாலைகள் மூடியிருக்க, பகல் மின்சாரம் மிகுந்தது. கூரைத் தொகுதிகளை நிறுத்திவைக்குமாறு மின்சார சபையே கேட்டுக்கொண்டது. அவ்வாண்டிலேயே புதிதாக இணைவோருக்கான கொள்வனவு விலையும் குறைக்கப்பட்டது. ஆகவே, விற்று இலாபமீட்டலாம் என்னும் கணக்கை விட, பகலில் எவ்வளவு பாவிக்கிறோம் என்ற கணக்கே முக்கியமானது.

குளிரூட்டியுள்ள வீட்டுக்கும் விடுதிக்கும் இது பயனுள்ளதே. நான்கு மின்குமிழும் ஒரு மின்விசிறியும் உள்ள கடற்றொழிலாளர் குடும்பம் இதற்காகக் கடன்படுவதை நாம் ஆதரிக்கமாட்டோம். எல்ஈடி மின்குமிழ்களை மாற்றுவதும் பழைய குளிர்சாதனப் பெட்டியைக் கைவிடுவதும் அவர்களுக்கு முதற்படி.

இன்னொன்றை விற்பனையாளர்கள் அழுத்திச் சொல்வதில்லை. பற்றரி இல்லாத தொகுதி, மின்தடையின்போது தானும் நின்றுவிடும். கம்பியில் வேலைசெய்யும் ஊழியரின் உயிர்காக்கும் ஏற்பாடு அது. 2025 பெப்ரவரி 9 இல் நாடு முழுவதும் இருண்டபோது அத்தகைய கூரைகளும் பயன்படவில்லை. உப்புக்காற்று வீசும் எமது கரையில், தகடுகளைத் தாங்கும் சட்டமும் ஆணிகளும் துருப்பிடிக்காதவையா என்பதையும் ஒப்பந்தத்துக்கு முன்னரே கேட்டறிய வேண்டும்.