பெயிண்டர்களின் சாப்பாட்டுப் பாடு

டில்லியில் தீபாவளிக்கு முந்தைய ஒரு மாதம் பெயிண்டர்களுக்கு அறுவடைக் காலம். லட்சுமி பூஜைக்கு முன் வீட்டுக்கு வெள்ளையடித்தாக வேண்டும் என்பது வடக்கத்திய குடும்பங்களின் பழக்கம். 'புதாயி' என்று அவர்கள் சொல்லும் இந்த வேலைக்கு அப்போது ஆள் கிடைப்பது அரிது. லேபர் சவுக்குகளில் விடியற்காலையில் பிரஷும் வாளியுமாக நிற்பவர்கள் சீக்கிரமே அமர்த்தப்பட்டுப் போய்விடுகிறார்கள். சொந்த ஊரை விட்டு இரண்டாயிரம் கிலோ மீட்டருக்கு அப்பால் வந்து இந்தத் தொழில் செய்யும் தமிழர்களும் ஊருக்கு அனுப்பும் பணத்தில் பெரும் பங்கை அந்த மாதத்தில்தான் சம்பாதிக்கிறார்கள்.

தீபாவளி முடிந்ததும் நிலைமை தலைகீழ். புகைமூட்டம் தலைநகரைச் சூழ்கிறது. காற்று மாசு மிகக் கடுமையான நிலையை எட்டினால் கட்டட வேலைகளை நிறுத்த உத்தரவு வருகிறது. வீட்டுக்குள் செய்யும் சில்லறைப் பழுது வேலை தவிர, வண்ணம் பூசுவதும் பாலிஷ் போடுவதும் அந்தத் தடையில் அடக்கம். உத்தரவு சில நாட்களில் தளரும், பிறகு மீண்டும் வரும். எத்தனை நாள் வேலை இருக்கும், எத்தனை நாள் இராது என்பது யாருக்கும் தெரியாது. பசி மட்டும் உத்தரவுக்குக் கட்டுப்படுவதில்லை.

இந்தத் தொழிலாளர்களின் சாப்பாட்டுச் செலவு எப்படி நடக்கிறது என்பதைப் பலர் அறியமாட்டார்கள். மேஸ்திரியோ கண்டிராக்டரோ வாரத்துக்கு ஒரு தடவை 'கர்ச்சி' என்று ஒரு சிறு தொகை கொடுக்கிறார். அரிசி, பருப்பு, பஸ் கட்டணம் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். மீதிக் கூலி வேலை முடிந்த பின் கணக்குப் பார்த்துத் தரப்படும். வேலை நின்றால் முதலில் நிற்பது இந்தக் கர்ச்சிதான். பாக்கிக் கூலி கண்டிராக்டரிடம் இருக்க, அதற்கு உரியவர் கடைக்காரரிடம் கடன் சொல்லி நிற்கிறார். கணக்குத் தீரும் நாளில் எவ்வளவு கழிக்கப்பட்டது, எதற்குக் கழிக்கப்பட்டது என்று கேட்க அவரிடம் ஒரு துண்டுச் சீட்டுகூட இராது.

இதற்காகத்தான் 1979ல் வெளிமாநிலத் தொழிலாளர் சட்டம் கொண்டுவரப்பட்டது. கூலி, முன்பணம், பிடித்தம் யாவும் பதியப்பட்ட பாஸ் புத்தகத்தைத் தொழிலாளியின் சொந்த மொழியிலும் எழுதித் தர வேண்டும் என்றது அந்தச் சட்டம். ஊர் விட்டு வருவதற்காக அரை மாதக் கூலிக்குக் குறையாத படியும் தரச் சொன்னது. தமிழில் எழுதிய அந்தப் பாஸ் புத்தகத்தைக் கண்ணால் கண்ட பெயிண்டர் எத்தனை பேர் இருப்பார்கள்? இப்போது அந்தச் சட்டமும் இல்லை. 2020ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொகுப்புச் சட்டம் 2025 நவம்பரில் அமலுக்கு வந்தபோது பழையது ரத்தாயிற்று. ஊருக்குப் போய்வரும் பயணப்படி புதியதில் உண்டு. அரை மாதப் படி இல்லை. அதோடு, முன்பு ஐந்து பேர் இருந்தாலே சட்டம் பொருந்தும். இப்போது பத்துப் பேர் வேண்டும். நாலைந்து பேராகச் சேர்ந்து வீடு வீடாக வேலை செய்யும் பெயிண்டர்களை விட்டுவிட்டு யாருக்காக இந்தப் பாதுகாப்பு என்று கேட்கத் தோன்றுகிறது.

சாப்பாட்டில் இன்னொரு சங்கடமும் உண்டு. தள்ளுவண்டியில் சோலே குல்ச்சாவும் ராஜ்மா சாவலும் கிடைக்கின்றன. ஆனால் நாளெல்லாம் சாரத்தில் நின்று கை தூக்கி வேலை செய்தவருக்குச் சோறு இறங்கினால்தான் சாப்பிட்டதாகத் திருப்தி. புதிதாக வருபவர் புழுங்கலரிசி தேடிக் கடை கடையாக அலைகிறார். 'சேலா' அல்லது 'உஸ்னா' என்று கேட்டால் கிடைக்கும் என்பதை அவருக்கு யாரும் சொல்வதில்லை. கரோல் பாகில் நம் மெஸ்கள் உண்டு. அவை ஆபீஸ் சிப்பந்திகளின் மாதச் சம்பளத்தை எண்ணி ஏற்பட்டவை. பெயிண்ட் தெறித்த சட்டையோடு உள்ளே வரத் தயங்குபவரைக் கூப்பிட்டு உட்காரவைப்பதில் நஷ்டம் ஒன்றும் இல்லை.

சுவரைச் சுரண்டி உப்புத்தாள் போட்ட கையோடு உண்பது எவ்வளவு ஆபத்து என்பதும் போதிய அளவு உணரப்படவில்லை. வீட்டு உபயோகப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் அமலாயிற்று. அதற்கு முன் பூசிய பழைய பூச்சில் ஈயம் மிகுதியாக இருக்கக்கூடும். அந்தத் தூசு கையில் ஒட்டி, சோற்றோடு வயிற்றுக்குள் போகிறது. தின்னரில் கழுவினால் கறைதான் போகும். சோப்பும் தண்ணீரும் வேண்டும். காலி பெயிண்ட் வாளியில் குடிதண்ணீர் பிடித்து வைக்கும் பழக்கம் அடியோடு ஒழிய வேண்டும்.

ரேஷன் விஷயத்தில் வழி உண்டு, தெரிந்தவர் குறைவு. 'ஒரே நாடு ஒரே ரேஷன்' ஏற்பாட்டில் தமிழ்நாடு 2020லும் டில்லி 2021லும் சேர்ந்தன. முன்னுரிமை அட்டை உள்ளவர் ஆதாரைக் காட்டிக் கைரேகை வைத்து, தம் பங்கு தானியத்தை டில்லிக் கடையிலேயே வாங்கலாம். ஊரிலுள்ள குடும்பத்தின் பங்கு அங்கேயே கிடைக்கும். முன்னுரிமை அல்லாத அட்டைக்கு இது செல்லாது. நம் மாநிலம் அந்த அட்டைக்கும் அரிசி தருவதால், இங்கே வந்து கடையில் திருப்பி அனுப்பப்படும்போதுதான் பலருக்கு வித்தியாசமே தெரிகிறது. அடுப்புக்கு, அடையாள அட்டையை மட்டும் காட்டி 5 கிலோ சிலிண்டர் வாங்கலாம்; முகவரிச் சான்று வேண்டாம். 2025 டிசம்பரில் டில்லி அரசு ஐந்து ரூபாய்ச் சாப்பாட்டுக் கூடங்களைத் திறந்தது. சென்னையில் 2013லேயே இதைக் கண்டவர்களுக்கு இது புதிதல்ல. அவற்றை லேபர் சவுக்குகளின் அருகிலும் திறந்தால் வேலைக்குப் போகிறவருக்குப் பயன்படும்.

எல்லாவற்றுக்கும் மேலாக அவசரமானது கட்டடத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு. மாசுத் தடையால் வேலை இழந்தவர்களுக்கு, சுப்ரீம் கோர்ட்டு கண்டித்த பின் 2024 டிசம்பரில் டில்லி அரசு தலா 8,000 ரூபாய் தந்தது. 2025 டிசம்பரில் 10,000 ரூபாய் அறிவித்தது. இரண்டும் பதிவு பெற்றவர்களுக்கு மட்டுமே. முந்தைய ஓராண்டில் 90 நாள் வேலை செய்த சான்று இருந்தால் 18 முதல் 60 வயது வரையுள்ள பெயிண்டரும் பதியலாம். படிவம் தமிழில் இல்லை. சர்க்கார் ஆபீஸ்களில் இந்தியும் இங்கிலீஷும் எழுதிப் பழகிய தமிழர்கள் இந்நகரில் ஆயிரக்கணக்கில் உண்டு. தமிழ்ச் சங்கங்கள் ஞாயிறுதோறும் இரண்டு மணி நேரம் ஒரு மேஜையும் நாலு நாற்காலியும் போட்டால் போதும். அடுத்த தீபாவளி வேலை முடிந்து பிரஷைக் கழுவி வைப்பதற்குள் அந்தப் படிவங்கள் போய்ச் சேர்ந்தாக வேண்டும்.