டி.வி. கேம் பழைய இரும்புக்கா?

பூ கட்டும்போதெல்லாம் எங்க அம்மா பாடும் பாட்டு, "கேம் ஆடியே அரியர் வச்சான்!" அரியர் உண்மைதான். ஆனால் கீரமங்கலத்தில் மல்லிகை விற்ற காசில் அப்பா வாங்கித் தந்த அந்த டி.வி. கேமைப் பழைய இரும்புக்குப் போட விடமாட்டேன்!

1983-ல் ஜப்பானில் நின்டெண்டோ வெளியிட்ட பேமிகாமின் நகல் அது. அசலில் மெயின் ராம் வெறும் 2 கிலோபைட்! 1985-ல் வந்த சூப்பர் மாரியோவில் மேகமும் புதரும் ஒரே படம்; நிறம்தான் வேறு. இடமில்லாத குறைக்கு என்ன மூளை பாருங்க! மைக்ரோப்ராசசரை மனப்பாடம் பண்ணும் நாம் இதைக் கழற்றிப் பார்த்தோமா? நான் கழற்றினேன். கருப்புப் பசைக்கு அடியில் சிப். திரும்ப மாட்டினேன், ஓடுது! லேப் சார் சரின்னா கொண்டு வர்றேன். ரெண்டாவது கன்ட்ரோலர் மட்டும் யாராவது கொண்டாங்கப்பா!