சந்தேகக் கேஸ்காரர்கள் எந்தத் துப்பறியும் கதையைப் படிப்பது?

துப்பறியும் நாவல் படிக்கிறவனை நம்ம கூட்டங்களில் ஒரு தினுசாகத்தான் பார்க்கிறார்கள். ஜோல்னாப் பையில் அம்பேத்கர் தொகுதி இருக்கலாம், அயோத்திதாசர் இருக்கலாம். பாக்கெட் நாவல் மட்டும் இருக்கக்கூடாது. அது வெகுசனக் குப்பை, மயக்க மருந்து, மசாலா. இப்படிச் சொல்கிற தோழர்களில் பாதிப்பேர் தடையில்லாமல் வாசிக்கப் பழகியதே ராஜேஷ்குமாரில்தான் என்பது அவர்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

எலவனாசூர்கோட்டைப் பக்கத்துக் காலனிகளிலிருந்து படிக்கப் போன எங்களுக்கு நூலகம் என்று என்ன இருந்தது? உளுந்தூர்பேட்டை பஸ் ஸ்டாண்டு பெட்டிக்கடையில் கயிற்றில் தொங்கிய பாக்கெட் நாவல். பழைய பேப்பர் கடையில் எடைக்கு எடை கிடைத்த, அட்டை கிழிந்த மாலைமதி. கம்பன் எங்க தெருவுக்குள் வரவில்லை. விவேக்கும் ரூபலாவும் வந்தார்கள். பரத்தும் சுசீலாவும் வந்தார்கள். நரேந்திரனும் வைஜெயந்தியும் வந்தார்கள். ஒரு புத்தகம் பத்துக் கை மாறியது. அதைக் குப்பை என்று சொல்கிற உரிமை, எங்களுக்கு வேறெதையும் கொண்டுவந்து தராதவர்களுக்குக் கிடையாது.

ஆகவே துப்பறியும் கதை படிக்கலாமா கூடாதா என்பது என் கேள்வியே இல்லை. கல்லூரியில் படிக்கிற தம்பி ஒருத்தன் போன மாசம் கேட்டான்: "அண்ணே, பழசெல்லாம் முடிச்சாச்சு. புதுசா ஒரு சீரிஸ் சொல்லுங்க." இதுதான் நல்ல கேள்வி. ஆனால் பதில் சொல்வதற்கு முன்னால் அவனிடம் மூணு விஷயம் பார்க்கச் சொன்னேன். கதையில் முதல் சந்தேகம் யார் மேல் விழுகிறது? சந்தேகப்பட்டவனுக்குக் கதையில் பேரும் ஊரும் பெண்டாட்டி பிள்ளையும் உண்டா? விசாரணை என்ற பேரில் விழுகிற அடி, அந்தக் கதையில் குற்றமாக எண்ணப்படுகிறதா, இல்லை திறமையாக எண்ணப்படுகிறதா?

ஏன் இந்த மூணு? துப்பறியும் கதை ஒரு நம்பிக்கையின் மேல் நிற்கிறது. குற்றம் நடந்துவிட்டது, யார் செய்தார் என்று யாருக்கும் தெரியாது, எல்லோரும் சமமாகச் சந்தேகத்துக்குரியவர்கள் என்பது அந்த நம்பிக்கை. நம்ம பக்கத்தில் அப்படியா நடக்குது? நான் பள்ளிக்கூடம் படிக்கையில் ஊரில் ஒரு கிணற்று மோட்டார் காணாமல் போனது. விடிவதற்குள் டேசன் ஆளுங்க காலனிக்கு வந்துவிட்டார்கள். ஊர்த் தெருவில் ஒரு கதவையும் தட்டவில்லை. எங்க பெரியப்பாவை ரெண்டு ராத்திரி வைத்திருந்துவிட்டு விட்டார்கள். பிறகு பார்த்தால் மோட்டாரை அடமானம் வைத்துக் குடித்தது கிணற்றுக்காரரின் சொந்த மகன். யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. பெரியப்பாவும் எதிர்பார்க்கவில்லை. "நம்மள கேக்காம வேற யாரக் கேப்பாங்க?" என்றார். 'யார் செய்தது' என்ற கேள்வி நம்ம தெருவுக்கு வருவதேயில்லை. பதில்தான் நேராக வருது, லத்தியோடு.

இந்தப் பதிலுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. வெள்ளைக்காரன் 1871இல் குற்றப் பரம்பரைச் சட்டம் போட்டான். 1911இல் அது மெட்ராஸ் மாகாணத்துக்கும் வந்தது. பிறப்பால் ஒரு கூட்டமே குற்றவாளி. பேரைப் பதிய வேண்டும், ரேகை வைக்க வேண்டும், ராத்திரியில் ஆஜர் கொடுக்க வேண்டும். நம்ம சனம் அதற்குக் கைரேகைச் சட்டம் என்றே பேர் வைத்தது. கைரேகையைக் கொண்டு ஆளைக் கண்டுபிடிக்கிற காரியாலயம் 1897இல் கல்கத்தாவில்தான் திறக்கப்பட்டது. துப்பறியும் கதையில் நாம் வாய்பிளந்து ரசிக்கிற கைரேகை நிபுணரின் கதை இந்த மண்ணில்தான் தொடங்குகிறது, ஆட்களை அடக்கி ஆள்கிற வேலையாக.

அதே காலத்தில்தான் லண்டனில் ஷெர்லக் ஹோம்ஸ் பிறக்கிறார், 1887இல். 1890இல் வந்த அவருடைய இரண்டாவது நாவலில் நம்ம பக்கத்து ஆள் ஒருத்தன் வருகிறான். டோங்கா என்று பேர், அந்தமான் பழங்குடி. விஷ முள்ளை ஊதிக் கொல்கிற குள்ளனாக, மிருகத்துக்கு ஒரு படி மேலாகக் காட்டப்பட்டு, தேம்ஸ் ஆற்றில் சுடப்பட்டுச் சாகிறான். அவன் தரப்பில் சொல்ல ஒரு சொல் இல்லை. சட்டம் பட்டியல் போட்டது, கதை அந்தப் பட்டியலுக்கு முகம் வரைந்தது.

தமிழில் ஆரம்பித்து வைத்தவர்கள் ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி அய்யங்கார், ஜே.ஆர். ரங்கராஜு. பேரிலேயே பாதிச் சேதி இருக்கிறது. இங்கிலீஷ் நாவலைத் தழுவினார்கள், ஜமீன் பங்களாவுக்கும் வக்கீல் வீட்டுக்கும் கதையைக் கொண்டுபோனார்கள். தமிழ்வாணனின் சங்கர்லால் டீ குடித்துக்கொண்டே உலகம் சுற்றினார். சுஜாதாவின் கணேஷும் வசந்தும் வக்கீல்கள், புத்திசாலிகள், வாய்த்துடுக்கு. நைலான் கயிறு நாவல் 1968இல் குமுதத்தில் வந்ததிலிருந்து ஒரு தலைமுறையையே அந்த நடை கட்டிப்போட்டது. நான் மறுக்கவில்லை. ஆனால் நான் படித்த அத்தனை தொடரிலும் சேரி என்பது ரவுடி ஒளிந்துகொள்கிற இடம். பிணத்தை முதலில் பார்த்து அலறுகிறவள் வேலைக்காரி. அலறிவிட்டு அவள் கதையை விட்டுப் போய்விடுவாள். அவள் எந்தத் தெரு, அன்றைக்குக் கூலி வாங்கினாளா என்று எந்தத் துப்பறிவாளனும் கேட்டதில்லை.

சரி, அப்போ எதைத்தான் படிப்பது? தம்பிக்குச் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன்.

முதலில் செஸ்டர் ஹைம்ஸ். கறுப்பர். 1928இல், பத்தொன்பது வயதில், கொள்ளைக் கேஸில் இருபது வருசத்துக்கு மேல் தண்டனை வாங்கி ஒகையோ சிறைக்குப் போனவர். எழுதத் தொடங்கியதே சிறைக்குள்தான். 1936இல் வெளியே வந்தார். அமெரிக்காவில் இருந்து பிழைக்க முடியாமல் பாரிசுக்குப் போனார். அங்கே ஒரு பதிப்பாசிரியர் துப்பறியும் கதை எழுதச் சொல்ல, 1957இலிருந்து ஹார்லம் தொடர் வந்தது. 1958இல் பிரான்சின் பெரிய குற்ற இலக்கியப் பரிசு அவருக்குக் கிடைத்தது. கதையில் ரெண்டு கறுப்புப் போலீஸ்காரர்கள். பட்டப்பேர் சவப்பெட்டி எட், குழிவெட்டி ஜோன்ஸ். குழி வெட்டுவதும் பிணம் சுமப்பதும் யார் தலையில் கட்டப்பட்ட வேலை என்று தெரிந்த நமக்கு இந்தப் பேர்கள் வேறு மாதிரிக் கேட்கும். இவர்கள் யோக்கியர்கள் இல்லை. சொந்தச் சனத்தையே அடிக்கிறார்கள். மேலே வெள்ளை அதிகாரி, கீழே கறுப்புத் தெரு, நடுவே காக்கி மாட்டின நம்மாள் என்னவாகிறான் என்பதை ஹைம்ஸ் ஒளிக்காமல் எழுதுகிறார். 1969இல் வந்த 'பிளைண்ட் மேன் வித் எ பிஸ்டல்' நாவலில் இவர்களால் கொலையைத் துப்புத்துலக்கவே முடியவில்லை. குற்றவாளி ஒரு ஆள் இல்லை, ஏற்பாடே குற்றமாக இருக்கும்போது யாரைப் பிடித்து விலங்கு மாட்டுவது?

அடுத்தது வால்டர் மோஸ்லியின் ஈஸி ராலின்ஸ் தொடர். முதல் நாவல் 'டெவில் இன் எ ப்ளூ டிரஸ்', 1990இல் வந்தது. கதை நடப்பது 1948, லாஸ் ஏஞ்சல்ஸ். ராலின்ஸ் போருக்குப் போய்த் திரும்பிய கறுப்பர், விமானத் தொழிற்சாலையில் வேலை போனவர். வீட்டுக் கடன் தவணை கட்டவேண்டும். அதற்காகத்தான் துப்பறியப் போகிறார், மூளை அரிப்புக்காக இல்லை. வெள்ளைக்காரன் நுழைய முடியாத இடத்தில் இவருக்குச் சேதி கிடைக்கிறது. ஏன்? சனம் போலீசிடம் பேசாது, இவரிடம் பேசும். சொந்த வீட்டுக்காக ஒரு மனுசன் இப்படித் தவிக்கிறதை, பட்டாவுக்கு மனுப் போட்டு அலைகிற நம்மைவிட யார் புரிந்துகொள்வது? இந்தத் தொடரை வரிசையாகப் படிக்க வேண்டும். ஒவ்வொரு புத்தகத்திலும் வருசம் நகர்கிறது, கறுப்பர் வரலாறும் கூடவே நகர்கிறது.

மூன்றாவது சுவீடன். மாய் ஷோவால், பெர் வாலூ என்ற இணையர் 1965 முதல் 1975 வரை பத்தே நாவல் எழுதினார்கள், மார்ட்டின் பெக் என்ற போலீஸ்காரரை வைத்து. ரெண்டு பேரும் மார்க்சியவாதிகள். சுபிட்ச நாடு என்று உலகம் கொண்டாடிய சுவீடனின் அடிவயிற்றைக் கிழித்துக் காட்டவே குற்றக்கதையைக் கையில் எடுத்தார்கள். சாதி ஒழிப்பு இயக்கத்துக்காரன் கவனிக்க வேண்டியது அவர்கள் தேர்ந்த வழி. கட்டுரை எழுதினால் ஆயிரம் பேர் படிப்பான், கொலைக்கதை எழுதினால் லட்சம் பேர் படிப்பான் என்ற கணக்கு.

இங்கிலீஷ்தானே, கஷ்டமாச்சே என்பான் தம்பி. ஹைம்ஸும் மோஸ்லியும் தெருவில் பேசுகிற பேச்சில் எழுதுகிறவர்கள். நாலு பேர் விடுதி அறையில் உட்கார்ந்து, ஒருத்தன் வாசிக்க மத்தவன் கேட்க, ஒரு மாசத்தில் ஒரு புத்தகம் முடித்துவிடலாம். பாக்கெட் நாவலைப் பத்துக் கை மாற்றிப் படித்த சனத்துக்கு இது பெரிய வித்தையில்லை.

ஆனால் தமிழிலேயே, நம்ம மண்ணிலேயே நடந்த கதைகள் இருக்கின்றன. அவற்றை யாரும் துப்பறியும் கதை வரிசையில் வைப்பதில்லை, அவ்வளவுதான்.

மு. சந்திரகுமாரின் 'லாக்கப்' 2006இல் வெளிவந்தது. 1983இல் குண்டூரில் கூலிவேலை செய்தபோது செய்யாத திருட்டை ஒப்புக்கொள்ளச் சொல்லித் தன்னையும் கூட்டாளிகளையும் போலீஸ் அடித்ததை, அடிபட்டவரே எழுதினார். பிற்பாடு 'விசாரணை' என்று படமானது. துப்பறியும் கதையைத் திருப்பிப் போட்டால் என்ன கிடைக்கும் என்பதற்கு அந்தப் புத்தகமே சாட்சி.

1993, கம்மாபுரம் போலீஸ் டேசன். முதனை கிராமத்து ராசாக்கண்ணுவை நகைத் திருட்டு என்று பிடித்துப் போகிறார்கள். தப்பி ஓடிவிட்டான் என்று டேசன் சொல்கிறது. வீட்டம்மா நம்பவில்லை. வழக்கறிஞர் கே. சந்துரு ஆட்கொணர்வு மனுப் போடுகிறார். தேடத் தேட, வேறொரு மாவட்ட எல்லையில் அடையாளம் தெரியாதவர் என்று கிடந்த பிணம் அவருடையது என்று வெளியாகிறது. 2006இல் உயர் நீதிமன்றம் போலீஸ்காரர்களைத் தண்டித்தது. காணாமல் போன ஆள், பொய்ச் சாட்சி, எல்லை தாண்டி வீசின பிணம், பதிமூணு வருச விடாப்பிடி. எந்தப் பாக்கெட் நாவலில் இத்தனை திருப்பம்? 2021இல் 'ஜெய் பீம்' வந்த பிறகுதான் ஊருக்குத் தெரிந்தது. அதிலும் குறவரான அவரை இருளராக மாற்றிக் காட்டினார்கள்.

எலவனாசூரிலிருந்து வடக்கே போனால் திருக்கோவிலூர். அந்தப் பக்கம் தி.மண்டபத்தில் 2011 நவம்பரில் திருட்டுக் கேஸ் என்று இருளர் ஆண்களைப் பிடித்துப் போனார்கள். அதே ராத்திரி வீட்டுப் பெண்களை வேனில் ஏற்றித் தைலமரத் தோப்பில் வைத்துச் சீரழித்தார்கள் என்று போலீஸ்காரர்கள் மேலேயே புகார் எழுந்தது. மேற்கே போனால் கள்ளக்குறிச்சி. 2024 ஜூனில் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். அந்த வருச நவம்பரில் உயர் நீதிமன்றம் வழக்கை சிபிஐக்கு மாற்றியது. சாராயம் என்றாலே டிவி கேமரா கல்வராயன் மலைக்கு ஏறுகிறது, ஊறல் பானையைப் போலீஸ் உடைக்கிற படம் காட்டுகிறது. தம்பி, மெத்தனால் ஊறல் பானையில் விளைகிற சரக்கில்லை. அது தொழிற்சாலை ரசாயனம். டிரம்மில் வரும், லாரியில் வரும், பில் போட்டு வரும். எங்கிருந்து வந்தது, எந்தச் செக்போஸ்ட்டு கண்ணை மூடிக்கொண்டது, மாமூல் எதுவரைக்கும் ஏறியது? இதைத் துருவுகிறவன்தான் துப்பறிவாளன். மலைக்காரன் பானையைக் காட்டுகிற கதை பழைய கைரேகைச் சட்டத்தின் அடுத்த அத்தியாயம்.

நம்ம தோழர்கள் இத்தனை வருசமாகச் சைக்கிளிலும் பஸ்ஸிலும் போய் எழுதிவந்த உண்மை அறியும் குழு அறிக்கைகள் என்ன? எப்போது பிடித்தார்கள், எந்த வண்டி, யார் பார்த்தது, காயம் எங்கே, எஃப்.ஐ.ஆரில் நேரம் ஏன் இடிக்கிறது. அசல் துப்பறியும் வேலை அது. சம்பளமில்லை, ஜீப்பில்லை, துப்பாக்கியில்லை. ஆனால் அந்த அறிக்கைகளை நூறு பேர் படிக்கிறான், படித்து அழுகிறான், அடுக்கி வைக்கிறான். ஊர்க்காரன் படிப்பதில்லை, பஸ்ஸில் போகிற பையன் படிப்பதில்லை.

ஹைம்ஸும் மோஸ்லியும் படியுங்கள், திருட்டு எப்படிச் செய்வது என்று கற்றுக்கொள்ள. கதை திருடச் சொல்லவில்லை, கட்டுகிற வித்தையைத் திருடச் சொல்கிறேன். பிறகு நம்ம அறிக்கைகளை எடுத்து முன்னே வையுங்கள். துப்பறிவாளன் காலனிக்காரனாக இருக்கட்டும். இல்லை, ரேஷன் கடையிலும் டேசன் வாசலிலும் கோர்ட்டு வராந்தாவிலும் நின்று நின்று எல்லாச் சேதியும் தெரிந்த ஒரு அக்காவாக இருக்கட்டும். அவளிடம் சனம் பேசும். முதல் கதை எலவனாசூர் மெயின்ரோட்டில் தொடங்கட்டும். விலை மட்டும் பஸ் ஸ்டாண்டுக் கடையில் தொங்குகிற விலையாக இருக்கவேண்டும். அட்டையும் பளபளவென்று இருக்கட்டும், வெட்கப்படாதீர்கள். கதையில் ஒரு மோட்டார் காணாமல் போகும். அவள் முதலில் ஊர்த் தெருக் கதவைத் தட்டுவாள்.