வெள்ளைத் தோல் மோகம்

'மணமகள் தேவை' விளம்பரத்தில் 'நல்ல சிவப்பு' என்று சேர்த்துக் கொள்வது நம்ம ஊர் வியாதி மட்டும்தான் என்று நினைத்தால் தப்பு. அமெரிக்காவில் புறநகர்ப் பக்கம் வீடு வாங்குகிறவர்கள் மரம் வாங்கும்போது இதையேதான் செய்கிறார்கள். நம்ம கம்ப்யூட்டர் பையன்களும் இதில் சேர்த்தி. நர்சரிக்குள் நுழைந்ததும் கண் போய் ஒட்டிக் கொள்வது பர்ச் மரத்தில். சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளேரென்று தண்டு, ஒல்லியான உடம்பு, காற்றில் சிலுசிலுக்கும் சின்ன இலைகள். "இதையே குடுங்க!"

கொண்டு வந்து எங்கே நடுகிறார்கள்? வாசல் புல்தரையின் நட்ட நடுவில். எதிர்வீட்டுக்காரன் பார்க்க வேண்டாமா? சனி பிடிப்பது அங்கேதான்.

பர்ச் குளிர்தேசத்து ஜீவன். நியூ ஹாம்ப்ஷயர் 1947-ல் வெள்ளை பர்ச்சைத் தன் மாநில மரமாகவே அறிவித்தது. அந்தப் பக்கத்துக் காடுகளில் அது மற்ற மரங்களோடு கூட்டமாக நிற்கும். தலையில் வெயில், காலடியில் நிழல், சருகு மெத்தை, ஈரம். வேர் ஆழமாகப் போகாது. மேல்மண்ணிலேயே பாய் விரித்துப் படுத்துக் கொள்ளும். அப்பேர்ப்பட்ட ஆசாமியைத் தனியாகப் பிரித்து ஜூலை வெயிலில் பொட்டலில் நிறுத்தினால்? வேர் வேகிறது. கிடைக்கிற தண்ணீரிலும் புல் பங்கு கேட்கிறது. ஸ்பிரிங்ளர் பத்து நிமிஷம் சுற்றிவிட்டு நிற்பது புல்லுக்கு டிபன்; மரத்துக்கு வெறும் வாசனை. காட்டில் 40, 50 வருஷம் சாதாரணமாக நிற்கிற மரம், வீட்டு வாசலில் 20-ஐத் தாண்டுவதற்குள் திணறிப் போகிறது.

கடைசி அடி கொடுப்பவர் ஒரு வண்டு. ஒரு சென்டிமீட்டர் நீளம், வெண்கலப் பளபளப்பு. பர்ச் போரர் என்று பெயர். வாடிப்போன மரமாகப் பார்த்துப் பட்டை இடுக்கில் முட்டை வைக்கும். புழு உள்ளே போய்க் கோணல்மாணலாகச் சுரங்கம் வெட்டும். இலை சமைத்த சாப்பாடு வேருக்குப் போகிற வழி அந்தப் பட்டைக்கு அடியில்தான். வழி அடைபட்டால் வேர் பட்டினி. நமக்கு வழுக்கை விழுகிற மாதிரி உச்சிக் கிளைகள்தான் முதலில் போகும். அப்புறம் தண்டில் ஆங்கில 'டி' எழுத்து வடிவத்தில் குட்டி ஓட்டைகள். அதைப் பார்த்துவிட்டு மருந்து தேடி ஓடுகிறார்கள். ஸார், அது வண்டு வேலையை முடித்துவிட்டு வெளியே போன வாசல்!

மருந்தை விட இடம் முக்கியம். வீட்டுக்கு வடக்கிலோ கிழக்கிலோ வைத்தால் மத்தியான வெயிலை வீடே தாங்கிக் கொள்ளும். மரத்தடியில் புல்லை எடுத்துவிட்டு மரச்சில்லுகளை மூன்று, நான்கு அங்குலத்துக்குப் பரப்ப வேண்டும் (தண்டை ஒட்டிக் குவிக்கக் கூடாது, அழுகும்). வறண்ட நாட்களில் ஹோஸைச் சன்னமாகத் திறந்து ஓர் அடி ஆழத்துக்கு ஊறவிட வேண்டும். சும்மா இருக்க முடியாமல் கத்தரிக்கோலைத் தூக்குகிறவர்கள் மே முதல் ஜூலை முடிய அதைப் பூட்டி வைக்கட்டும். வண்டு பறக்கிற சீஸன். வெட்டுக்காயம் அதற்குக் கல்யாணப் பத்திரிகை.

இன்னொரு விஷயம், பட்டையை உரிப்பது. காகிதம் மாதிரி சுருண்டு தொங்கினால் யாருக்குத்தான் கை அரிக்காது? கையால் உரித்த இடத்தில் கறுப்புத் தழும்பு விழும், பழைய வெள்ளை திரும்பாது. ஆழமாக உரித்தால் மரமே போய்விடும். நம்ம இமயமலையிலும் பர்ச் உண்டு. பூர்ஜ மரம் என்பது அதைத்தான். அதன் பட்டையில்தான் அந்தக் காலத்தில் ஏடு எழுதினார்கள். காளிதாசனின் நாடகத்தில் ஊர்வசி, ராஜா புரூரவனுக்குக் காதல் கடிதம் எழுதுவதும் பூர்ஜப் பட்டையில்தான். அது காற்றில் பறந்து கரெக்டாக மகாராணி கையில் சிக்குகிறது. (ஆபீஸ் விலாசத்துக்குக் கடிதம் வரவழைக்கும் அன்பர்கள் கவனிக்கவும்.)

வெப்பமான ஊர்க்காரர்களுக்கு வேறு பர்ச்சே கிடையாதா? இருக்கிறது. ரிவர் பர்ச். ஆற்றங்கரை ஜாதி, வெயிலைத் தாங்கும், அந்த வண்டு அதை அநேகமாகத் தொடுவதில்லை. ஆனால் பட்டை பழுப்பு, கந்தல் துணி மாதிரி கிழிந்து தொங்கும். தாவரவியல் பெயரிலேயே 'நைக்ரா' என்று ஒட்டியிருக்கிறது. அப்படியென்றால் கறுப்பு! பெண் பார்க்க வருகிற கோஷ்டி இத்தனை குணத்தையும் கேட்டுக் கொண்டு, "போய் லெட்டர் போடறோம்" என்று வெள்ளைக்காரி பக்கம் நகர்ந்துவிடும். இதிலும் குறை இல்லாமல் இல்லை. சுண்ணாம்பு மண்ணில் இலை மஞ்சளடிக்கும், தண்ணீரும் தாராளமாகக் கேட்கும்.

நர்சரிக்காரர்கள் சாமர்த்தியசாலிகள். ரிவர் பர்ச்சிலேயே கொஞ்சம் வெளுப்பான பட்டை உள்ள ஒரு ரகத்துக்கு 'ஹெரிடேஜ்' என்று பெயர் சூட்டி விற்கிறார்கள். நன்றாகவே போகிறது. நம்ம விளம்பரங்களில் 'மாநிறம், களையான முகம்' என்று போடுவார்களே, அது!