பூசை காண வந்தவர்கள் அல்ல நாம்

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குச் சிங்கப்பெருமாள் கோவில் ஜங்ஷனில் நின்று பாருங்கள் தோழர்களே. ஒரகடம் சாலையிலிருந்து கம்பெனி பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து, நைட் ஷிப்ட் முடித்த பிள்ளைகளை இறக்கிவிட்டுப் போகும். டீக்கடையில் ஒரு டீ குடித்துவிட்டுப் பாதிப்பேர் ரூமுக்குப் போய்ப் படுத்துவிடுவார்கள். சிலர் மட்டும் அதே யூனிபார்மோடு முதல் பூசைக்குப் போவார்கள். கடைசி பெஞ்சில் உட்காருவார்கள், அல்லது வாசல் தூணில் சாய்ந்து நிற்பார்கள். நற்கருணை வாங்கியதும் கிளம்பிவிடுவார்கள். யாரும் பெயர் கேட்பதில்லை. கேட்டால் அடுத்த கேள்வி "எந்த ஊர்?" என்று வரும். அதற்கடுத்தது "ஊர்ல எந்தத் தெரு?" என்று வரும். அந்த மூன்றாவது கேள்வி எதற்கு என்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

நம் பாட்டிமார் "பூசை பாத்தாச்சா?" என்றுதான் கேட்பார்கள். பூசை காண்பது, பூசை பார்ப்பது என்பதே பழைய வழக்கு. அதில் தப்பில்லை, அன்று நடந்தது அதுதான். சாமியார் மக்களுக்கு முதுகைக் காட்டி இலத்தீனில் சொல்வார், சனங்கள் முழங்காலில் இருந்து செபமாலை உருட்டுவார்கள். 1963 டிசம்பர் 4 அன்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருவழிபாடு பற்றி வெளியிட்ட ஏடு இதை மாற்றியது. திருமுழுக்குப் பெற்ற ஒவ்வொருவருக்கும் வழிபாட்டில் முழுமையாகவும் உணர்வோடும் செயல்முறையாகவும் பங்கேற்க உரிமை உண்டு, அது கடமையும்கூட என்று 14ஆம் பிரிவு சொல்கிறது. மக்கள் அந்நியரைப் போல வாய்மூடிப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது என்கிறது 48ஆம் பிரிவு. அதன் பிறகுதான் தமிழில் பூசை வந்தது, பீடம் மக்களைப் பார்த்துத் திரும்பியது, பொதுநிலையினர் வாசகம் வாசித்தார்கள், மன்றாட்டு சொன்னார்கள், காணிக்கைப் பவனியில் அப்பமும் இரசமும் தூக்கி வந்தார்கள்.

நாம் அதிகம் கவனிக்காத இன்னொரு பிரிவும் அதே ஏட்டில் இருக்கிறது. 32ஆம் பிரிவு. திருப்பட்டத்துக்கும் பணிக்கும் உரிய வேறுபாடு, அரசு அதிகாரிகளுக்குச் சட்டப்படி தரும் மரியாதை, இவை தவிர எந்தத் தனி ஆளுக்கும் எந்த வகுப்புக்கும் வழிபாட்டில் தனி மரியாதை கிடையாது என்று அது சொல்கிறது. தமிழ்நாட்டுக் கோவில்களில் மண்டகப்படி, முதல் மரியாதை, தேர் வடம், முன் பெஞ்ச் என்று நடக்கும் எல்லாவற்றையும் இந்த ஒரு பிரிவை வைத்துக் கேள்வி கேட்கலாம். நாம் கேட்டோமா?

வரலாற்றைக் கொஞ்சம் பார்ப்போம். புதுச்சேரி சம்பா கோவிலுக்குள் பறையர் கிறிஸ்தவர்களைத் தனியே பிரிக்க ஒரு சுவர் இருந்தது. 1745இல் அது இடிக்கப்பட்டதை ஆனந்தரங்கப் பிள்ளை தன் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். அதற்கு முந்தைய ஆண்டு, 1744இல், பறையர் வீடுகளுக்குள் போய் அருள்சாதனங்கள் கொடுக்கக் குருக்கள் மறுக்கக் கூடாது என்று திருத்தந்தை பதினான்காம் பெனடிக்ட் ஆணையிட வேண்டியிருந்தது. சேசு சபையார் அதற்குக் கண்ட வழி என்ன தெரியுமா? பறையருக்கென்றே தனிக் குருக்களை ஒதுக்கியது. ஆணையும் நிறைவேறியது, சாதியும் பிழைத்தது.

நெல்லைப் பக்கம் வடக்கன்குளத்தில் கோவிலையே இரண்டு கால் சட்டை போலக் கட்டினார்கள். வெள்ளாளர் ஒரு பக்கம், நாடார் ஒரு பக்கம், பீடம் மட்டும் பொது. 1910இல் தடுப்பு அகற்றப்பட்டதும் வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் வரை போனது. சைமன் கமிஷனிடம் தென்னிந்தியத் தாழ்த்தப்பட்ட கிறிஸ்தவர்கள் தங்கள் குறைகளை மனுவாகக் கொடுத்தார்கள். மதம் மாறிய பிறகும் தீண்டாமை தொடர்கிறது என்பதற்குச் சாட்சியாக அந்த மனுவை அண்ணல் அம்பேத்கர் தன் எழுத்தில் எடுத்துக்காட்டினார்.

பழைய கதை என்று யாராவது சொன்னால் எறையூரைச் சொல்லுங்கள். இன்றைய கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இருக்கிறது. அங்கே தலித் மக்கள் தங்கள் சகாய மாதா ஆலயத்தைத் தனிப் பங்காக்கக் கேட்டார்கள். 2008 மார்ச்சில் அவர்கள் வீடுகள் தாக்கப்பட்டன. போலீஸ் சுட்டதில் வன்னியர் கிறிஸ்தவர்கள் இருவர் இறந்தார்கள். அந்த உயிர்களுக்காகவும் வருந்துகிறோம், சாதி தன்னைக் காவல் காப்பவனையும் விட்டுவைப்பதில்லை. திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் பிணங்களைப் பிரித்தும் சுவர் எழுப்பியிருந்தார்கள். திருச்சி மாவட்டம் கோட்டப்பாளையம் பங்கில் நடக்கும் பாகுபாடு பற்றிய மனுவில் 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் நோட்டீஸ் அனுப்பியது. 1745க்கும் 2025க்கும் நடுவே 280 ஆண்டுகள்.

இப்போது நம் பகுதிக்கு வருவோம். செங்கல்பட்டு மறைமாவட்டம் 2002இல்தான் சென்னை-மயிலையிலிருந்து பிரிந்து உருவானது. இந்த மண்ணுக்கோ பழைய கணக்கு இருக்கிறது. செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் பறையர்களின் நிலை பற்றிக் கொடுத்த அறிக்கையின் பேரில்தான் 1892இல் பஞ்சமி நிலம் ஒதுக்க வழி பிறந்தது. காரணை பஞ்சமி நிலத்தை மீட்கப் போய் 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இரு தோழர்கள் துப்பாக்கிச் சூட்டில் பலியானார்கள். அந்த நிலத்தின் மேல்தான் இன்று கம்பெனிகளுக்கும் பிளாட்டுகளுக்கும் வேலி ஓடுகிறது.

இந்தத் தொழிற்சாலைப் பட்டையில் பங்குக் கோவில்களின் முகமே மாறிவிட்டது. காலனியில் மூன்று தலைமுறையாக இருக்கும் நம் சனங்கள் ஒரு பக்கம். தென்மாவட்டங்களிலிருந்து வந்து ரூம் எடுத்துத் தங்கியிருக்கும் ஐடிஐ, டிப்ளமோ பிள்ளைகள் ஒரு பக்கம். ஜார்க்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த ஆதிவாசிக் கத்தோலிக்கர் ஒரு பக்கம், அவர்களுக்குத் தமிழ்ப் பூசையில் "ஆமென்" தவிர வேறு சொல் புரிவதில்லை. இவர்களுக்கெல்லாம் முன்னால், பங்குப்பேரவையிலும் பாடகர் குழுவிலும் மைக்கிலும், சில குடும்பங்கள்.

எங்களுக்குத் தெரிந்த ஒரு பங்கில் நடந்ததைச் சொல்கிறோம். பெரிய வியாழனுக்குப் பாதம் கழுவப் பன்னிரண்டு பேர் பட்டியல் போட்டார்கள். எல்லாம் வழக்கமான வீடுகள். கான்ட்ராக்ட் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் இரண்டு பேர் போய், "எங்களையும் காலனிப் பாட்டிங்கள்ல ஒருத்தரையும் சேத்துக்கோங்க" என்று கேட்டார்கள். "நீங்க ரூம்ல இருக்கிறவங்கப்பா, நாளைக்கு வேற ஊருக்குப் போயிடுவீங்க" என்றார் ஒருவர். "பொம்பளைங்க காலக் கழுவுற வழக்கம் இல்ல" என்றார் இன்னொருவர். பெண்களின் பாதத்தையும் கழுவலாம் என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2016 ஜனவரியிலேயே விதியை மாற்றிவிட்டார் என்று ஒரு பிள்ளை செல்போனை எடுத்துக் காட்டினான். அந்த வருடம் பட்டியல் மாறவில்லை. ஆனால் மாதம் இரண்டு ஞாயிறு வாசகம் நமக்குக் கிடைத்தது. முதல் நாள் வாசித்த பெண், "கை நடுங்குச்சுண்ணா, ஆனா கீழ இருந்து எங்க அம்மா என்னையே பாத்துட்டு இருந்தாங்க" என்றாள். காணிக்கைப் பவனி இன்னும் கிடைக்கவில்லை. கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

வாசகம் வாசித்தால் சாதி ஒழிந்துவிடுமா என்று நீங்கள் கேட்பீர்கள். ஒழியாது. ஆனால் எதை மறுக்கிறார்கள் என்று பாருங்கள். உண்டியலில் காசு போட நம்மை யாரும் தடுத்ததில்லை. கோவில் கட்ட மண் சுமக்கவும், திருவிழாவுக்குப் பந்தல் போடவும், சாவுக்குக் குழி வெட்டவும் தடுத்ததில்லை. அப்பத்தைத் தூக்கிக்கொண்டு நடுவழியே நடந்து வருவதைத்தான் தடுக்கிறார்கள். உழைப்பை வாங்கிக்கொண்டு கையை மறுப்பதற்குப் பெயர்தான் தீண்டாமை.

"பூசை ஆன்மிக விஷயம், அங்கே அரசியல் எதற்கு?" என்பார்கள். அவர்களிடம் வேதாகமத்தையே திறந்து காட்டுங்கள். பொன் மோதிரம் போட்டவனுக்கு நல்ல இருக்கையும் ஏழைக்குத் தரையும் காட்டுகிறவர்களை யாக்கோபு தன் கடிதத்தின் 2ஆம் அதிகாரத்தில் கண்டிக்கிறார். கொரிந்தில் வசதியுள்ளவர்கள் முன்னாடியே சாப்பிட்டு முடிக்க, இல்லாதவர்கள் பசியோடு இருந்தார்கள். அப்படிச் செய்தால் அது ஆண்டவரின் விருந்தே அல்ல என்கிறார் பவுல், முதல் கொரிந்தியர் 11ஆம் அதிகாரத்தில். நற்கருணை பற்றி நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய எழுத்தே இப்படி ஒரு சண்டையைத் தீர்க்க எழுதப்பட்டதுதான். சீர்திருத்தத் திருச்சபைப் பக்கத்தில், மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் இருந்த பரட்டை என்கிற தியாபிலஸ் அப்பாவு இதைத்தான் ஒரே உலை என்று மக்கள் மொழியில் சொன்னார். உலை ஒன்றாகவில்லை என்றால் பந்தி மட்டும் ஒன்றாகாது.

"அப்படியென்றால் ஏன் அங்கேயே இருக்கிறீர்கள், வெளியே வாருங்கள்" என்று நம் தோழர்களிலேயே சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. வெளியேறியவர்களை நாம் குறை சொல்ல மாட்டோம், அண்ணலே காட்டிய வழி அது. ஆனால் 2016இல் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை வெளியிட்ட தலித் கொள்கை ஏடே, நாட்டின் ஒரு கோடியே 90 லட்சம் கத்தோலிக்கரில் ஒரு கோடியே 20 லட்சம் பேர் தலித்துகள் என்கிறது. நாம்தான் பெரும்பான்மை. நம் பாட்டன் மண் சுமந்த வீட்டிலிருந்து நாம் ஏன் போக வேண்டும்? இருப்பதும் போவதும் நம் முடிவாக இருக்கட்டும், யாரும் துரத்தி நடக்க வேண்டாம்.

தனிப் பங்கு கேட்பது சரியா என்பதிலும் நமக்குள் விவாதம் இருக்கிறது. எங்கள் நிலை இதுதான். அடிபட்ட ஊர் தனியே போகக் கேட்டால் அது அவர்களின் தற்காப்பு, துணை நிற்போம். ஆனால் மறைமாவட்டம் அதைச் சுலபமான தீர்வாக எடுத்துக்கொள்ள விடக் கூடாது. 1744க்குப் பிறகு தனிக் குரு வைத்ததற்கும் இன்று தனிப் பங்கு கொடுத்துக் கைகழுவுவதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

இளைய தோழர்களுக்குச் செய்வதற்குச் சில வேலைகள்:

1. உங்கள் பங்கில் மூன்று மாதம் கணக்கு எடுங்கள். யார் வாசித்தார்கள், யார் மன்றாட்டு சொன்னார்கள், யார் காணிக்கை தூக்கினார்கள், பீடத்தில் யார் வீட்டுப் பிள்ளைகள். வாயால் சொன்னால் மறுப்பார்கள், நோட்டில் இருந்தால் மறுக்க முடியாது.

2. எல்லாப் பணிகளும் அன்பியம் வாரியாகச் சுழற்சியில் வர வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். ரூம் பிள்ளைகளையும் ஓர் அன்பியமாகக் கணக்கில் சேர்க்கச் சொல்லுங்கள். பெண்களும் வாசகர், பீடத்துணைவர் என முறைப்படி நியமனம் பெறலாம் என்று 2021 ஜனவரியிலேயே விதி வந்துவிட்டது.

3. பங்கு நிதிக்குழு ஒவ்வொரு பங்கிலும் இருந்தே ஆக வேண்டும் என்று திருச்சபைச் சட்டம் 537 சொல்கிறது. அதில் நம் ஆள் இருக்கிறாரா, வரவு செலவு வாசிக்கப்படுகிறதா என்று கேளுங்கள்.

4. சனிக்கிழமை மாலைப் பூசை கண்டாலும் ஞாயிறு கடமை நிறைவேறும் என்று சட்டம் 1248 சொல்கிறது. ஷிப்டில் இருப்பவர்களுக்காக அந்தப் பூசையைக் கேளுங்கள். ஆதிவாசித் தோழர்களுக்காக மாதம் ஒரு இந்திப் பூசையையும் சேர்த்துக் கேளுங்கள். அவர்களை விட்டுவிட்டு நாம் மட்டும் முன்னே போனால் நாமும் ஒரு சுவர்தான்.

5. வழிபாட்டிடத்தில் தீண்டாமையின் பேரால் தடுப்பது 1955ஆம் ஆண்டுக் குடியியல் உரிமைகள் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். 1950 குடியரசுத் தலைவர் ஆணை நம்மைப் பட்டியலுக்கு வெளியே வைத்ததால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பு நமக்கு இல்லை. அதனால் இருக்கிற சட்டத்தையாவது தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். பட்டியல் உரிமைப் போராட்டத்தில் ஆயர்கள் நம்மோடு டெல்லி வரைக்கும் வருகிறார்கள், நல்லது. அதே ஆயர்கள் பங்குக் கோவிலின் நடுவழி வரைக்கும் வரட்டும்.

பூசை முடிவில் சாமியார் நம்மை அனுப்பி வைக்கிறார். மிஸ்ஸா என்ற இலத்தீன் சொல்லே அந்த அனுப்புதலிலிருந்து வந்ததுதான். பீடத்தில் சமமாக நின்றவன் கம்பெனி கேட்டில் கான்ட்ராக்டர் முன்னால் குனிந்து நிற்க மாட்டான். அதனால்தான் பீடத்தில் நிற்க விடமாட்டேன் என்கிறார்கள். அதனால்தான் நாம் விடக்கூடாது.

வரும் ஞாயிறு, நைட் ஷிப்ட் முடிந்து வரும்போது, வாசல் தூணில் சாயாதீர்கள். முன் பெஞ்சில் போய் உட்காருங்கள். யாராவது "எந்தத் தெரு?" என்று கேட்டால், தெருப் பெயரைச் சத்தமாகச் சொல்லுங்கள்.

ஜெய் பீம்!