இயந்திரம் கொடுத்தால் மட்டும் போதுமா?

இடம்பெயர்ந்து வந்து, குத்தகைக் காணியில் மீண்டும் தோட்டம் தொடங்கும் குடும்பத்துக்கு நீர் இறைக்கும் இயந்திரம் பேருதவிதான். யாழ்ப்பாணத்துச் செம்மண்ணில் வெங்காயத்துக்கு நாலைந்து நாளுக்கு ஒருமுறை தண்ணீர் கட்ட வேண்டும். கடும் வெயிலில் இரண்டு முறை தவறினால் பயிர் வாடிவிடும். விதைவெங்காயத்துக்குப் பட்ட கடன் வாடாது.

உதவி வழங்குவோர் பெரும்பாலும் பெயர் எழுதி, கையொப்பம் வாங்கி, இயந்திரத்தைக் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். பிளக்கை எப்படிக் கழற்றுவது என்று காட்டிக் கொடுப்பவர் குறைவு. பழுது பார்க்கும் அறிவு சேராத உதவி பாதி உதவியே என்பது எனது கருத்து.

மசி பெர்குசன் 35 போன்ற டீசல் உழவு இயந்திரங்களில் தீப்பொறி பிளக் கிடையாது. அழுத்தத்தால் சூடேறும் காற்றே அங்கு டீசலை எரிக்கிறது. பெற்றோலில் தொடக்கி மண்ணெண்ணெயில் ஓடும் சிறிய பம்புகளுக்கோ தீப்பொறி வேண்டும். கயிற்றை இழுக்கும்போது சுழலும் பாரச் சில்லில் காந்தம் உண்டு. அது கொயிலைக் கடக்கையில் மின்சாரம் பிறக்கிறது. உரிய கணத்தில் பொயின்ற் திறந்து அதைத் துண்டிக்க, உயர்ந்த அழுத்தத்தில் மின் பாய்ந்து பிளக்கின் முனையில் தீப்பொறி விழுகிறது. புதிய இயந்திரங்களில் பொயின்ற்றுக்குப் பதிலாக இலத்திரனியல் பாகம் இருக்கும்.

இயந்திரம் தொடங்க மறுத்தால் பலர் முதலில் காபரேற்றரைக் கழற்றுகிறார்கள். இது வீண் செலவுக்கு வழி. முதலில் நிறுத்தும் சுவிச்சைப் பாருங்கள். எண்ணெய் குறைந்தால் தானாக நிற்கும் வகை என்றால் எண்ணெயின் மட்டத்தையும் பாருங்கள். அடுத்துப் பிளக்கைக் கழற்றுங்கள். அது உலர்ந்திருந்தால் எரிபொருள் வரவில்லை. தாங்கியையும் குழாயையும் கவனியுங்கள். நனைந்திருந்தால் எரிபொருள் வருகிறது. தீப்பொறியைச் சோதிக்க வேண்டும்.

பிளக்கின் கரியைத் துடைத்து, இடைவெளியைப் பாருங்கள். பெரும்பாலான சிறிய இயந்திரங்களுக்கு இது 0.6 முதல் 0.8 மில்லிமீற்றர் வரை. பிறகு பிளக்கை அதன் தொப்பியில் மாட்டி, உலோகப் பகுதி இயந்திரத்தின் உடலைத் தொடும்படி வைத்துக் கயிற்றை இழுங்கள். அருகில் பெற்றோல் சிந்தியிருக்கக் கூடாது. பிளக் துவாரத்துக்குக் கிட்டவும் வைக்கக் கூடாது. வெறுங்கையால் பிடிக்கவும் கூடாது. நீல நிறத்தில் தீப்பொறி பளிச்சென்று விழுந்தால் நல்லது. மங்கலாக விழுந்தாலோ, விழாவிட்டாலோ நல்ல பிளக் ஒன்றைப் போட்டுப் பாருங்கள். அதற்கும் சரிவராவிட்டால் சுவிச்சுக்குப் போகும் வயரைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். இப்போது தீப்பொறி வந்தால் குற்றம் சுவிச்சிலோ வயரிலோ தான்.

இதன் பின்னரே பொயின்ற்றுக்குப் போக வேண்டும். நெடுநாள் ஓடாமல் கிடந்த இயந்திரத்தில் பொயின்ற்றின் முகம் கறுத்திருக்கும். மெல்லிய அரத்தாளால் தேய்த்து, சுத்தமான கடதாசியால் துடைத்தாலே பல இயந்திரங்கள் உயிர்பெறும். ஆனால் பாரச் சில்லைச் சுத்தியலால் அடித்துக் கழற்றாதீர்கள். அதற்கென உள்ள இழுவைக் கருவியோடு மெக்கானிக் கழற்றட்டும். குளிரில் தொடங்கி, சூடேறியதும் நின்று, ஆறிய பின் மீண்டும் ஓடும் இயந்திரத்தில் கொயிலையோ கொண்டென்சரையோ சந்தேகிக்கலாம்.

பெற்றோலில் தொடக்கி, சூடேறிய பின்னரே மண்ணெண்ணெய்க்கு மாற்றுங்கள். நிறுத்துவதற்கு முன் மீண்டும் சிறிது நேரம் பெற்றோலில் ஓடவிடுங்கள். இந்த வழக்கம் பிளக்கையும் காக்கும், மறுநாள் இழுக்கும் கையையும் காக்கும்.

"தெரியாதவர்கள் கைவைத்தால் கெடுத்துவிடுவார்கள்" என்று சிலர் சொல்லக்கூடும். கற்றுக் கொடுக்காதபோதுதான் கெடுப்பார்கள். மெக்கானிக்கின் பிழைப்பும் இதனால் போகாது. கொயிலும் பாரச் சில்லும் அவரிடமே வரும். பிளக்கைத் துடைப்பதற்காக ஓர் ஏழைக் குடும்பம் இயந்திரத்தை வாடகை வண்டியில் ஏற்றி இறக்கும் செலவுதான் மிச்சமாகும்.

எமது மக்களுக்கு இந்த அறிவு புதிதல்ல. 1990க்குப் பின் வடக்கில் பொருளாதாரத் தடை நிலவிய காலத்தில், சில துளி பெற்றோலில் தொடக்கி மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டினார்கள். ஒருவரிடம் ஒருவர் கேட்டும் பார்த்தும் பழகியதே அது. 1995இல் வலிகாமத்திலிருந்தும் 2009இல் வன்னியிலிருந்தும் வெளியேறியபோது இயந்திரங்களை விட்டு வந்தவர்கள் பலர். கைத்தொழில் அறிவு மட்டும் அவர்களோடு கூடவே வந்தது.

ஆகவே உதவி வழங்குவோரிடம் நாம் கேட்க வேண்டியவை அதிகமில்லை. ஒவ்வோர் இயந்திரத்தோடும் பிளக் ஸ்பனர் ஒன்று, மேலதிகப் பிளக் ஒன்று, தமிழில் எழுதிய ஒருபக்கக் குறிப்பு, அரைநாள் செய்முறைப் பயிற்சி ஆகியவற்றைத் தரட்டும். அப்பயிற்சிக்கு ஆண்களை மட்டும் அழைக்க வேண்டாம். குடும்பத்தைத் தனியே சுமக்கும் பெண்கள் பலர் தோட்டத்துக்குத் தாமே நீர் பாய்ச்சுகிறார்கள்; ஸ்பனர் அவர்கள் கையிலும் இருக்க வேண்டும்.

எமது கமக்காரர் சங்கங்களும் வெளியாரை எதிர்பார்த்து இருக்க வேண்டியதில்லை. இடைவெளி அளக்கும் தகடு ஒன்று, அரத்தாள், சோதித்துப் பார்க்க நல்ல பிளக் ஒன்று. இவற்றை ஒரு தகரப் பெட்டியில் பொதுவாக வைத்திருக்கலாம். தெரிந்தவர் ஒரு மாலைப் பொழுதை ஒதுக்கினால் பத்துக் குடும்பங்கள் பழகிவிடும். அடுத்த போகத்துக்கு நாற்று நடுமுன் அந்த மாலையை ஒழுங்கு செய்வோம்.